ஏடு காத்த குடும்பமும் எஞ்சி நிற்கும் இல்லமும்

சென்னையை அடுத்த பெரம்பூரில் 1709ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் ஆனந்தரங்கப் பிள்ளை பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. அவருடைய மைத்துனர் நயினியப்பப் பிள்ளை அந்நாளில் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் துபாஷாகப் பெருஞ்செல்வாக்குடன் விளங்கினார். அவர் அழைப்பின் பேரிலேயே இக்குடும்பம் புதுச்சேரியில் குடியேறியது.

ஆயினும் அச்செல்வாக்கு நிலைக்கவில்லை. 1716இல் நயினியப்பர் சிறைப்படுத்தப்பட்டார். பலர் முன்னிலையில் கசையடி பெற்றார், உடைமைகள் பறிமுதலாயின. மறு ஆண்டே சிறையில் உயிர் நீத்தார். அவர்தம் மைந்தர் குருவப்பர் கடல் கடந்து பிரான்சு சென்று முறையிட்டார். குற்றமற்றவர் என்ற பெயர் நயினியப்பருக்கு இறந்த பின்னரே மீண்டது.

பொருளும் பதவியும் ஒரே நாளில் அழியக்கூடும் என்பதை ஆனந்தரங்கர் இளமையிலேயே கண்டறிந்தார். 1726இல் தந்தையை இழந்த பின், பரங்கிப்பேட்டையில் கம்பெனி அலுவல்களைக் கவனித்தும், துணி வாணிகம் நடத்தியும் படிப்படியாக உயர்ந்தார். 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள் அவர் தமிழில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார். கப்பல்களின் வரவு, சரக்கின் விலை, புயலின் சேதம், கவர்னர் மாளிகையின் பேச்சு, போர்ச் செய்தி, தமக்கு நேர்ந்த மதிப்பும் அவமதிப்பும் என அனைத்தையும் பதிந்து வைத்தார். துய்ப்ளெக்ஸ் ஆட்சிக் காலத்தில் 1747இல் தலைமைத் துபாஷானார். 1756இல் அப்பதவி அவரை விட்டு அகன்றது. எழுத்துப்பணி மட்டும் இறுதிவரை உடன் வந்தது.

அவர் வாழ்ந்த மாளிகை அவர் பெயரையே தாங்கிய ரங்கப்பிள்ளை வீதியில் உள்ளது. 1738ஆம் ஆண்டளவில் எழுந்ததாகக் கூறப்படும் அவ்வில்லத்தின் கீழ்த்தளத்தில் தமிழ் மரபின்படி மரத்தூண்கள் சூழ்ந்த முற்றம் உண்டு. மேல்தளத்திலோ ஐரோப்பிய முறையில் கட்டிய தூண்கள் நிற்கின்றன. இரு மொழிகளுக்கு நடுவே நின்று வாழ்ந்தவரின் வாழ்வு அவர் வீட்டிலும் படிந்துள்ளது.

1761ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள், ஆங்கிலேயர் முற்றுகைக்கு நடுவே அவர் மறைந்தார். நான்கு நாள்களில் நகரம் வீழ்ந்தது. கோட்டையும் வெள்ளையர் பகுதியும் தரைமட்டமாயின. ஆனால் அவர்தம் ஏடுகள் வழித்தோன்றல்களிடம் எண்பது ஆண்டுகளுக்கு மேல் தங்கியிருந்தன. 1846இல் கல்வா மோம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய வரலாறு எழுதுவோர்க்கு இன்றளவும் அவை இன்றியமையாதன.

ஏட்டைக் காத்த இல்லங்களின் அருமை சமணக் குடும்பங்கள் நன்கறிந்தது. 1887இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்துச் சமணப் பெரியோர் அளித்த விளக்கங்கள் பெருந்துணை புரிந்தன. தலைமுறை தலைமுறையாக இல்லங்களில் ஓதியும் போற்றியும் வந்ததன் பயன் அது.

புதுச்சேரியில் பாரதியார் இல்லமும் பாரதிதாசன் இல்லமும் இன்று அருங்காட்சியகங்களாகத் திகழ்கின்றன. ஆனந்தரங்கர் இல்லத்திற்கும் அத்தகைய மதிப்பு உரியது. வாயிலில் ஒரு கல்வெட்டு, அவர் பெயரும் நாட்குறிப்பு தொடங்கிய ஆண்டும் பொறித்து நின்றால், அவ்வழிச் செல்லும் சிறுவனும் ஒரு கணம் நின்று படிப்பான். எனினும் கல்வெட்டு மட்டும் சுவரைத் தாங்காது. நகரமே அறிந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது. பெயர் பொறிப்பதுடன் கூரையையும் தூணையும் பேணுதல் வேண்டும். நயினியப்பரின் நற்பெயர் அவர் மறைந்த பின்னரே மீண்டது; ஆனந்தரங்கரின் இல்லத்திற்கு உரிய சிறப்பு அது நிற்கும்போதே கிட்டுதல் வேண்டும்.