இரண்டாயிரம் மண்டையோடுகளைப் பார்த்த பின் சொன்ன தீர்ப்பு

ஹிஜ்ரி 557-ல் (கி.பி. 1162) பக்தாதில் பிறந்தவர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (ரஹ்). ஹதீஸ், ஃபிக்ஹு, அரபு இலக்கணம் ஆகியவற்றோடு மருத்துவமும் கற்றுத் தேர்ந்தார். கெய்ரோவின் அல்அஸ்ஹரில் பாடம் நடத்தினார்.

அக்கால மருத்துவர்களுக்கு கிரேக்க அறிஞர் கேலனின் சொல்லே வேதவாக்கு. கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது, அவை முகவாயில் இணைகின்றன என்று அவர் எழுதியிருந்தார். ஆயிரம் ஆண்டுகளாக அதையே பாடமாகப் படித்தார்கள்.

1200-ல் நைல் நதியில் வெள்ளம் வராமல் போக, எகிப்தைக் கொடிய பஞ்சம் வாட்டியது. கெய்ரோவை அடுத்த அல்மக்ஸில் இறந்தோரின் எலும்புகள் மேடாகக் குவிந்து கிடப்பதை அறிந்து அங்கே சென்றார். அவர் கண்ட தாடை ஒரே எலும்பு, இணைப்பே இல்லை.

உடனே அவர் தீர்ப்புச் சொல்லிவிடவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பரிசோதித்தார். தாம் இல்லாதபோதும் பிறரைப் பார்க்கச் சொன்னார். எல்லோரும் கண்டது ஒன்றே. அதன் பிறகே, கேலனின் மதிப்பைக் குறைக்காமல், அவர் சொன்னது தவறு என்று தம் எகிப்து நூலில் பதிவு செய்தார்.

ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட வழியில், ஹிஜ்ரி 629-ல் (1231) பிறந்த ஊரான பக்தாதிலேயே வஃபாத்தானார்.

ஓர் எலும்பைப் பற்றிச் சொல்லவே அவருக்கு இவ்வளவு சான்று தேவைப்பட்டது. சம்பந்தம் பேசும்போதும், ஜமாஅத்தில் வழக்கு விசாரிக்கும்போதும் நாம் பேசுவது ஒரு மனிதரின் மானத்தைப் பற்றி. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்பது சூரா அல்ஹுஜுராத் நமக்கு இட்ட கட்டளை.