நேரம் சுமந்த நங்கை

பள்ளி மணி ஒலித்ததும் நாம் வகுப்பறைக்கு விரைகிறோம். அந்த மணி சரியான நேரத்தில் அடித்தது என்று எப்படித் தெரியும்? கடிகாரத்தைப் பார்த்து அடித்தார்கள் என்போம். அந்தக் கடிகாரம் சரியானது என்று சொன்னது யார்? வானொலி இல்லாத காலத்தில், லண்டன் மாநகரில் பலருக்கு இதனைச் சொன்னவர் ஒரு பெண்மணி. அவரே ரூத் பெல்வில் அம்மையார்.

இவர் 1854ஆம் ஆண்டு பிறந்தார். தந்தை ஜான் ஹென்றி பெல்வில், கிரீன்விச் வானாய்வுக்கூடத்தில் உதவியாளர். விண்மீன்களைக் கொண்டு அங்கே நேரத்தைத் துல்லியமாகக் கணித்தனர். அதை அறியக் கடிகாரம் செய்வோர் அடிக்கடி வந்ததால் ஆய்வுப் பணி தடைப்பட்டது. ஆகவே 1836 முதல் தந்தையே ஒரு கடிகாரத்துடன் அவர்களைத் தேடிச் சென்றார். அது 1794இல் ஜான் அர்னால்டு என்பவர் செய்த சட்டைப்பைக் கடிகாரம்.

1856இல் தந்தை இறந்தார். அப்போது ரூத்துக்கு வயது இரண்டே. தாயார் மரியா மனம் தளராமல் அப்பணியை ஏற்று, 1892 வரை செய்து குடும்பத்தைக் காத்தார். பின்னர் ரூத் ஏற்றார். கிரீன்விச்சில் கடிகாரத்தை ஒப்பிட்டு, அது எத்தனை நொடி முந்துகிறது அல்லது பிந்துகிறது என்று எழுதிச் சான்றளிப்பர். அதனுடன் தெருத்தெருவாகச் சென்று, ஏறத்தாழ 50 வாடிக்கையாளர்களின் கடிகாரங்களைச் சரிபார்க்க உதவுவார்.

1908இல் சோதனை வந்தது. தந்தி வழியே நேரம் அனுப்பும் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர், இம்முறை பழமையானது என்றும், பெண் என்பதாலேயே அவருக்கு ஆதரவு கிடைக்கிறது என்றும் மேடையில் ஏளனம் செய்தார். செய்தி பத்திரிகையில் வெளியாயிற்று. அம்மையார் சோர்ந்துவிடவில்லை. வழக்கம்போல் தம் பணியைச் செய்தார். அந்த ஏளனமே விளம்பரமாகி, வாடிக்கையாளர்கள் கூடினர்!

1924இல் வானொலி மணியொலியும், 1936இல் தொலைபேசியில் நேரம் சொல்லும் கடிகாரமும் வந்தன. ஆயினும் 1940 வரை, தமது 86ஆம் வயது வரை, அவர் பணியாற்றினார். 1943இல் மறைந்தார்.

தோழியரே, இன்று அணுக்கடிகாரங்களைச் செயற்கைக்கோள் வழியே ஒப்பிடுகிறார்கள். முறை மாறினாலும் அடிப்படை ஒன்றே. அம்மையாரின் கடிகாரமும் பிழையற்றதன்று. எனினும் அதன் பிழை எவ்வளவு என்பதை அவர் மறைக்கவில்லை. அதனாலேயே பிறர் நம்பினர். நாமும் நம் குறையை அறிந்து, ஒளிக்காமல் ஒப்புக்கொள்வோம். நம் சொல்லையும் உலகம் நம்பும்.