அலுவலுக்கு முன்னும் பின்னும்: சர். சி. வி. இராமன்

ஆண்டு விழா மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு சங்கத்தார் பணித்தபோது, நான் சற்றுத் தயங்கினேன். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு இரயில்வே அலுவலகத்தில் கணக்கேடுகளுடன் காலம் கழிப்பவன் நான். ஆயினும் நம்மைப் போலவே பிழைப்பிற்காக இந்தக் கல்கத்தா நகருக்கு வந்து, நம்மைப் போலவே கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்த ஒரு தமிழரைப் பற்றி எழுதலாம் என்று துணிந்தேன். அவரே சர். சி. வி. இராமன்.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர், தாயார் பார்வதி அம்மாள். தந்தையாருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் பணி கிடைத்தமையால் குடும்பம் அங்குக் குடிபெயர்ந்தது. ஆகவே பிற மொழி வழங்கும் ஊரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைதான் இராமனும். நம் காலனிப் பிள்ளைகள் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. பதினோராம் வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறி, பின் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904இல் பி.ஏ. தேர்வில் முதன்மையாகத் தேறினார். மாணவராக இருந்த 1906ஆம் ஆண்டிலேயே ஒளியைப் பற்றிய அவருடைய கட்டுரை இங்கிலாந்தின் புகழ் பெற்ற பத்திரிகையொன்றில் வெளிவந்தது.

மேற்படிப்பிற்காக இங்கிலாந்து செல்ல வாய்ப்பு இருந்தும், அந்நாட்டுக் குளிரை அவர் உடல் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். தமையனார் ஏற்கெனவே நிதித் துறையில் இருந்தார். இராமனும் அத்தேர்வினை எழுதி முதலிடம் பெற்றார். 1907ஆம் ஆண்டில் லோகசுந்தரி அம்மையாரை மணந்து, அவ்வாண்டின் நடுவில் துணைக் கணக்காயர் பதவியேற்கக் கல்கத்தா வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 18.

நல்ல சம்பளம், பெரிய பதவி, இளம் மனைவி. வேறு ஒருவராயின் இத்துடன் மனநிறைவு கொண்டு ஓய்வூதியத்தை எண்ணிக் காலம் கழித்திருப்பார். ஒருநாள் டிராம் வண்டியில் செல்லும்போது பௌபஜார் வீதியில் 210ஆம் எண்ணுள்ள கட்டடத்தில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் என்ற பெயர்ப்பலகை அவர் கண்ணிற் பட்டது. வண்டியை விட்டிறங்கிச் சென்று கதவைத் தட்டினார்.

அந்தக் கழகத்தின் வரலாறு உருக்கமானது. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்னும் வங்கப் பெரியார், இந்தியர் தாமே விஞ்ஞான ஆராய்ச்சி செய்யவேண்டும் என்று 1876இல் அதனைத் தோற்றுவித்தார். கட்டடம் எழுந்தது, கருவிகள் வந்தன, சொற்பொழிவுகள் நடந்தன. ஆனால் ஆராய்ச்சிக்குத் தம் வாழ்வைத் தரும் இளைஞர் வரவில்லை. அந்த ஏக்கத்துடனேயே 1904இல் அவர் மறைந்தார். மூன்றாண்டு கழித்து இராமன் தட்டியபோது கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் தே என்னும் கழக ஊழியர். செயலாளராக இருந்த அமிர்தலால் சர்க்கார் நிறுவனருடைய மைந்தர். தந்தை காத்திருந்த மனிதர் வந்துவிட்டார் என்று மகிழ்ந்து, அவர் ஆய்வுக்கூடத்தை இராமனிடம் ஒப்படைத்தார்.

இனி, நான் சொல்ல வந்த செய்தி இதுதான். அன்று தொடங்கி இராமன் மேற்கொண்ட அன்றாட ஒழுங்கினைக் கேளுங்கள். காலை ஐந்தரை மணிக்குக் கழகத்திற்குச் செல்வார். ஒன்பதே முக்கால் மணிக்கு வீடு திரும்பி, நீராடி, அவசர அவசரமாக உண்டு, அலுவலகத்திற்கு விரைவார். மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் விட்டதும் நேரே கழகம். இரவு ஒன்பதரை அல்லது பத்து மணிக்குத்தான் வீடு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழகமே.

கணக்கெழுதுபவனுக்கு எதையும் கூட்டிப் பார்க்கும் பழக்கம் உண்டு. காலையில் நாலேகால் மணி நேரம். மாலையில் குறைந்தது நாலரை மணி நேரம். அலுவலகப் பணி நீங்கலாக நாளொன்றுக்கு எட்டே முக்கால் மணி நேரம்! அதற்காக அரசாங்கப் பணியில் அவர் குறை வைத்தாரென்றும் இல்லை. மேலதிகாரிகள் மதித்துப் போற்றிய அதிகாரியாகவே அவர் விளங்கினார். 1909இல் இரங்கூனுக்கும், அடுத்து நாகபுரிக்கும் மாற்றப்பட்டார். தந்தையார் மறைந்தபோது விடுப்பெடுத்துச் சென்னை வந்த காலத்திலும், தாம் படித்த கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் வேலையைத் தொடர்ந்தார். 1911இல் மீண்டும் கல்கத்தா வந்ததும், கழகத்தை ஒட்டிய வீட்டிற்கே குடிபுகுந்து, வீட்டிலிருந்து ஆய்வுக்கூடத்திற்குச் செல்ல ஒரு கதவும் அமைத்துக்கொண்டார்.

கருவிகள் குறைவே என்பதற்காக அவர் கைகட்டி நிற்கவில்லை. கையில் இருப்பதைக் கொண்டு ஆராயத்தக்க பொருளைத் தேர்ந்தார். வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம் ஆகியவற்றின் நாதம் எவ்வாறு எழுகின்றது என்று ஆராய்ந்தார். மிருதங்கத்தின் தோலில் இடும் கரணையே அதன் ஒலியை இசையொலியாக்குகிறது என்பதை விளக்கினார். கல்லூரி வாசலை மிதியாத ஆசுதோஷ் தே, கற்றுத் தேர்ந்து, இராமனோடு இணைந்து ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிடும் நிலைக்கு உயர்ந்தார்.

இவ்விடத்தில் நம் இல்லத்தரசியர் ஒரு கேள்வி கேட்கக்கூடும். ஒன்பதே முக்காலுக்கு வந்தவருக்குச் சோறு ஆயத்தமாக இருந்தது எவ்வாறு? இரவு பத்து மணி வரை அவருக்காக விழித்திருந்தவர் யார்? பாஷை தெரியாத ஊரில், இளம் வயதில் குடித்தனத்தை ஏற்று, அந்தத் தனிமையைப் பொறுத்துக்கொண்ட லோகசுந்தரி அம்மையாரை மறந்து இராமன் புகழைப் பேசுதல் நன்றியன்று. ஒருவருடைய நல்ல பழக்கத்தின் பாரத்தைப் பெரும்பாலும் வீட்டிலுள்ள மற்றொருவர் சுமக்கிறார். நம் வீடுகளிலும் இதனை ஆடவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்தாண்டுக் காலப் பழக்கத்தின் பயனாக 1917இல் ஒரு சோதனை வந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்குமாறு சர் ஆசுதோஷ் முகர்ஜி அழைத்தார். சம்பளமோ, வாங்கிக்கொண்டிருந்ததில் ஏறக்குறையப் பாதி. இராமன் அரசாங்க உத்தியோகத்தை உதறிவிட்டுப் பேராசிரியரானார். முன்பின் யோசியாமல் செய்த செயல் அன்று அது. பத்தாண்டாக ஒவ்வொரு விடியலிலும் அவர் செய்து வந்த தேர்வையே அன்று ஒருமுறை கையொப்பமிட்டு உறுதி செய்தார்.

1921இல் ஐரோப்பா சென்று திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. உடன் கொண்டு சென்றிருந்த சிறு பட்டகத்தின் மூலம் கப்பலிலேயே கடலை ஆராய்ந்து, கரை சேர்ந்ததும் கட்டுரை அனுப்பினார். அன்று எழுந்த வினாவை ஏழாண்டு விடாது தொடர்ந்தார். அவருடைய மாணவர், வத்திராயிருப்பில் பிறந்த தமிழர் கே. எஸ். கிருஷ்ணன், அந்நாட்களின் சோதனைகளைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். 1928ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், ஒரு பொருளின் மீது விழும் ஒளி சிதறும்போது அதில் ஒரு சிறு பகுதி நிறம் மாறி வருகிறது என்ற உண்மை, அதே பௌபஜார் கட்டடத்தில் உறுதியாயிற்று. அதுவே இராமன் விளைவு. 1930இல் நோபெல் பரிசு கிடைத்தது. விஞ்ஞானத்திற்காக அப்பரிசினைப் பெற்ற முதல் ஆசியர் அவரே.

1933இல் பெங்களூர் சென்றார். 1948இல் தம் பெயரால் அங்கு ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். 1954இல் பாரத ரத்னா பட்டம் பெற்றார். 1970ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார். அந்த நிலையத்தின் தோட்டத்திலேயே அவருடலுக்கு எரியூட்டினர். 1987 முதல் பிப்ரவரி 28 தேசிய விஞ்ஞான நாளாகக் கொண்டாடப்படுகிறது. கழகம் இன்று நம் நகரின் யாதவபூரில் இயங்குகிறது.

இராமனுடைய அறிவு நமக்கு வாய்க்காது; உண்மை. ஆனால் காலை ஐந்தரை மணி அவருக்கு மட்டும் உரியதன்று. இலாகாத் தேர்வுக்குரிய புத்தகத்தை நான் மும்முறை வாங்கி, மும்முறையும் மூடி வைத்தவன். நேரமில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். இவ்வரலாற்றைப் படித்தபின் அச்சொல் என் நாவில் எழவில்லை. சில மாதங்களாக அரைமணி முன்னதாக எழுகிறேன். தேறுவேனோ, அறியேன். ஆனால் நான் படிக்கும் மேசையின் மறுபுறத்தில் என் மகளும் தன் கணக்குப் புத்தகத்தோடு வந்து அமர்கிறாள். நான் அழைக்கவில்லை.

இறுதியாக ஒரு விண்ணப்பம். நம் சங்கத்து நூலக அலமாரி ஆண்டு விழாவன்றுதான் திறக்கப்படுகிறது. அதற்கு நாம் எல்லோருமே பொறுப்பு. கருவிகள் இருந்தும் ஆளின்றிக் கிடந்த அந்தப் பௌபஜார் கழகமே என் நினைவுக்கு வருகிறது. தட்டுகிற கை ஒரு நாள் வரும். அன்று திறப்பதற்கு ஓர் ஆசுதோஷ் தே உள்ளே இருக்க வேண்டும். நாள்தோறும் மாலை ஆறரை முதல் ஏழரை வரை அலமாரியைத் திறந்து வைத்துக் காத்திருக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். சாவியைச் சங்கத்தார் தந்தருள வேண்டும். பெற்றோர் தம் பிள்ளைகளை அனுப்பியருள வேண்டும்.