நட்சத்திரத்தின் சூட்டைக் கணக்குப் போட்டவர்

இந்த மாதம் நான் எழுதுவது விஞ்ஞானி மேகநாத சாகாவைப் பற்றி.

இவர் 1893 அக்டோபர் 6-ல் டாக்கா பக்கத்தில் சியோரத்தலி என்ற கிராமத்தில் பிறந்தார். அந்த ஊர் இப்போது வங்காளதேசத்தில் இருக்கிறது. அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. ஆரம்பப் பள்ளி முடிந்ததும் கடையில் உட்காரட்டும் என்று அப்பா நினைத்தார். அண்ணன்தான் விடவில்லை. தூரத்து ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிட்டு, அங்கே ஒரு டாக்டர் வீட்டில் தங்க வைத்தார். சோறும் இடமும் இலவசம். ஆனால் தன் தட்டைத் தானே கழுவணும், மாட்டையும் பார்த்துக்கணும்.

அடுத்து டாக்காவில் உதவித்தொகையோடு படித்தார். 1905-ல் வங்கப் பிரிவினை நடந்த சமயம், ஆங்கிலேய கவர்னர் வருகையை எதிர்த்த மாணவர்களோடு இவரும் சேர்ந்தார். பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். உதவித்தொகையும் போச்சு. வேறு பள்ளியில் சேர்ந்து படித்து, கல்கத்தா மாநிலக் கல்லூரி வரை போனார்.

நட்சத்திர ஒளியைப் பட்டகத்தால் பிரித்தால் கோடு கோடாகத் தெரியும். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் கோடுகள். ஆனால் ஒரு நட்சத்திரத்தில் தெரியும் கோடு இன்னொன்றில் தெரிவதில்லை. ஏன்? சூடு ஏற ஏற அணுக்கள் வேகமாக மோதும். மோதலில் எலக்ட்ரான் கழன்று, அணு அயனியாகிவிடும். கோடுகளும் மாறிவிடும். எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் எவ்வளவு அணுக்கள் அயனியாகும் என்பதற்கு 1920-ல் சாகா ஒரு சமன்பாடு தந்தார். அதை வைத்து 1925-ல் சிசிலியா பெய்ன் என்ற பெண், நட்சத்திரங்களில் ஹைட்ரஜன்தான் மிக அதிகம் என்று கண்டுபிடித்தார்.

எல்லா இடத்துக்கும் அந்தச் சமன்பாடு பொருந்தாது. சூரியனைச் சுற்றியுள்ள கொரோனாவில் இரும்பு அணு தன் 26 எலக்ட்ரான்களில் 13-ஐ இழந்து பச்சை ஒளி விடுகிறது. அங்கே வாயு ரொம்ப மெல்லியது. எலக்ட்ரான் வந்து மோதினால் அயனி எவ்வளவு கிளர்ச்சி அடையும் என்று தனியாகக் கணக்குப் போடணும். விஞ்ஞானிகள் இன்னும் அந்தக் கணக்கைப் போடுகிறார்கள்.

சாகா 1952-ல் மக்களவை உறுப்பினரானார். 1956 பிப்ரவரி 16-ல் காலமானார்.

பத்தாவதோடு போதும் என்று எங்கள் வீட்டிலும் பேச்சு வருகிறது. எனக்கு அண்ணன் இல்லை. அதனால் இந்தத் தாளை எழுதி முடித்ததும் முதலில் அப்பாவிடம்தான் வாசித்துக் காட்டினேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கடைசி வரை கேட்டார்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி