மனை கேட்ட மெம்பர்: ராவ்பகதூர் எம்.சி.ராஜா

மலர்க்குழு நண்பர்கள் இந்த முறை ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். காந்தி, காமராஜர் பற்றி எழுத ஆளுக்குப் பஞ்சமில்லை. அதனால் நான் வேறு ஒருவரை எடுத்துக்கொண்டேன். நம்மோடு படித்தவர்களில் பலர் சைதாப்பேட்டை எம்.சி.ராஜா ஹாஸ்டலிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். ஊரிலிருந்து பார்க்க வரும் உறவுக்காரர்கள், இது எந்த சமஸ்தானத்து ராஜா கட்டினது தம்பி என்று கேட்பது வழக்கம். சமஸ்தானமும் இல்லை, ஜமீனும் இல்லை. அவர் பள்ளிக்கூட வாத்தியார்.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883 ஜூன் 17-ஆம் நாள் பரங்கிமலையில் பிறந்தார். இராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளியிலும், பிறகு சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். ஆசிரியரானார், பாடப் புத்தகங்கள் எழுதினார், சாரணர் இயக்கத்தில் உழைத்தார். 1916-இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளர் பொறுப்புக்கு வந்தார். இதெல்லாம் வாழ்க்கைக் குறிப்புகளில் கிடைக்கும் சங்கதிகள். நான் சொல்ல வந்தது அவர் சட்டசபையில் கேட்ட கேள்விகளைப் பற்றி.

மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தத்தின்படி அமைந்த சென்னை சட்டசபை 1921 ஜனவரியில் கூடியது. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு அன்று தனித் தொகுதி கிடையாது. கவர்னர் பார்த்து நியமித்த ஒரு சிலர்தான் அந்த மக்கள் அனைவருக்கும் பிரதிநிதிகள். அவர்களில் ராஜா ஒருவர். நூற்றுக்கு மேற்பட்ட மெம்பர்கள் உட்கார்ந்திருக்கிற சபையில் இந்த விரல் விட்டு எண்ணும் கூட்டம் ஓட்டெடுப்பில் எதைச் சாதிக்க முடியும்? ஒன்றும் முடியாது. ஆனால் கேள்வி கேட்பதற்கு மெஜாரிட்டி தேவையில்லை. எழுத்து மூலம் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் சர்க்கார் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். பதில் அச்சாகும். அச்சானதை மறுநாள் இல்லையென்று சொல்ல முடியாது. இந்த விஷயத்தை ராஜாவும், பின்னால் வந்த இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூர் வீரையன் போன்றவர்களும் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள்.

கேட்டதெல்லாம் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. சேரிக்கு மனை உண்டா, குடிதண்ணீர்க் கிணறு உண்டா, சுடுகாட்டுக்குப் பாதை உண்டா, பொதுப் பணத்தில் நடக்கிற பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளையைச் சேர்க்கிறார்களா, இல்லையென்றால் ஏன்? இப்படித்தான். பள்ளிக்கூட விஷயத்தில் சர்க்காரின் சொந்தக் கணக்கே கையில் இருந்தது. இந்த மாகாணத்தில் பொது நிர்வாகத்தில் இருந்த 8157 பள்ளிகளில் 609-இல் மட்டுமே தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள் என்று 1919-ஆம் வருஷத்து அரசாணை ஒன்று சொன்னது. பதின்மூன்றில் ஒன்றுகூட இல்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வியும் ஸ்தல ஸ்தாபனமும் மந்திரிகள் வசம். நிலமும் போலீசும் கவர்னரின் நிர்வாக சபை வசம். ஆகவே ஒரே சேரியின் பள்ளிக்கூடத்துக்கு ஒருவரையும் மனைக்கு வேறொருவரையும் கேட்கவேண்டும். நம் ஆபீஸ்களில் இந்த செக்ஷன் இல்லை அந்த செக்ஷன் என்று அலைய விடுகிறார்களே, அதற்குப் பூர்வீகம் அங்கே இருக்கிறதோ என்னவோ!

மனை விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நான் வருவாய்த் துறையில் முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன், அந்த உரிமையில். பழைய செங்கல்பட்டு ஜில்லா கிராமக் கணக்குகளைப் பார்த்தால் ஊர் நத்தம் வேறு, சேரி நத்தம் வேறு. சேரி நத்தத்தின் மீதும் தங்களுக்கே உரிமை என்று மிராசுதார்கள் வாதாடிய கிராமங்கள் உண்டு. இன்னும் பல இடங்களில், குடிசை நிற்கிற மண்ணே பண்ணைக்காரரின் பட்டா நிலம். இதன் விளைவு என்ன தெரியுமா? கூலி போதாது என்று பண்ணையாள் வாய் திறந்தால் ஆண்டை அடிக்க வேண்டியதில்லை, திட்ட வேண்டியதும் இல்லை. என் இடத்தை விட்டுக் கிளம்பு என்றால் போதும். பெண்டாட்டி பிள்ளை, சட்டி பானை எல்லாம் தெருவுக்கு வந்துவிடும். வேறு ஊருக்குப் போனால் அங்கேயும் இன்னொருத்தர் நிலம். அப்படி இருக்கும்போது ஒருவன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதா, பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுப்பதா, போலீசில் புகார் கொடுப்பதா? காலடி மண் கையை விட்டுப் போகுமே என்ற பயம்தான் முதலில் வரும். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையிலேயே இந்த நிலைமை வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. பஞ்சமி நிலம் என்று இன்றைக்கும் பேசுகிறோமே, அதன் தொடக்கம் அந்த அறிக்கைதான்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லவும் முடியாது. 1920 வாக்கில் லேபர் கமிஷனர் என்ற அதிகாரியின் கீழ் இந்த மக்களுக்கான வேலைகள் வந்தன. நிலம் எடுப்புச் சட்டப்படி மனைக்கு இடம் வாங்குவது, குடியேறுகிறவர்களிடம் அதன் விலையைத் தவணையில் வசூலிப்பது, அதற்குக் கூட்டுறவுச் சங்கம் அமைப்பது என்று முறை வகுத்தார்கள். கவனியுங்கள், இனாம் இல்லை. நாள் கூலிக்காரன் தன் மனைக்குத் தானே காசு கட்டினான். அப்படியிருந்தும் நிலச் சொந்தக்காரர்கள் ஆட்சேபணை போட்டு வருஷக் கணக்கில் இழுத்தடிக்க முடிந்தது. எந்தத் தாலுகாவில் எத்தனை மனு, எத்தனை பைசல், மிச்சம் ஏன் நிற்கிறது என்று சபையில் கேட்டால்தான் ஃபைல் நகரும். என் சர்வீசில் நான் கண்டதும் அதுதான். சட்டசபைக் கேள்வி என்று சிவப்புக் கட்டு வந்துவிட்டால் தூங்குகிற ஆபீஸ் எழுந்து உட்கார்ந்துகொள்ளும்!

பட்டணத்திலும் இதே கதைதான். 1921-இல் பின்னி மில் வேலை நிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். அதைத் தொடர்ந்து புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. வீடிழந்தவர்களைச் சர்க்கார் முகாம் போட்டுத் தங்கவைத்தது. ஆளுங்கட்சியான நீதிக்கட்சியின் தலைவர்களோ, லேபர் இலாகா இவர்களுக்கு இடம் கொடுத்துக் கெடுத்துவிட்டது என்று பேசினார்கள். ராஜாவும் அதே கட்சிக்காரர்தான், சபையில் முக்கியமான இடத்தில் இருந்தவர். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பதவிக்குக் குறைவிருந்திருக்காது. அவர் தம் மக்கள் பக்கம் நின்றார். உத்தியோக ஒதுக்கீட்டிலும் தம் மக்களுக்கு இடமில்லை என்ற வருத்தம் சேர்ந்துகொள்ள, 1923-இல் கட்சியை விட்டு வெளியே வந்துவிட்டார். என் மதிப்பில் அவர் வாழ்க்கையிலேயே துணிச்சலான காரியம் இதுதான். ஆயிரம் கேள்வி கேட்கலாம், சொந்தக் கட்சி ஆட்சியைக் கேட்பது லேசா?

இதற்கு நடுவே 1922-இல் இன்னொன்றையும் முடித்திருந்தார். பறையர், பஞ்சமர் என்ற சொற்களைச் சர்க்கார் தாள்களிலிருந்து நீக்கி, ஆதிதிராவிடர், ஆதி ஆந்திரர் என்றே எழுதவேண்டும் என்ற அவர் தீர்மானம் நிறைவேறி ஜி.ஓ.வும் வந்தது. ராவ்பகதூர் பட்டம் கிடைத்ததும் அதே வருஷம். தம் மக்களின் குறைகளையெல்லாம் தொகுத்து 1925-இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

1927 முதல் பத்து வருஷம் மத்திய சட்டசபையில் மெம்பர். அந்தக் காலத்தில் அவர் எடுத்த முடிவு ஒன்றைப் பற்றி இன்றும் சர்ச்சை உண்டு. 1932-இல் தனித் தொகுதி வேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் போராடியபோது, ராஜா இந்து மகாசபையின் மூஞ்சேவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒதுக்கப்பட்ட இடங்களோடு கூட்டுத் தொகுதி போதும் என்றார். அம்பேத்கர் பக்கமே நியாயம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ராஜாவுக்கே பிற்பாடு அந்த ஏற்பாட்டில் மனக்கசப்பு வந்துவிட்டது. அதற்காக மனிதரையே ஒதுக்கிவிடுவது, நம்மில் சிலர் செய்வதுபோல, சரியல்ல.

1937-இல் கே.வி.ரெட்டி நாயுடுவின் மூன்றரை மாத இடைக்கால மந்திரிசபையில் அபிவிருத்தி மந்திரியாக இருந்தார். கேள்வி கேட்டவர் பதில் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்தது அந்தக் கொஞ்ச நாள்தான். 1938-இல் பொதுக் கிணறு, சாலை முதலியவற்றில் யாரையும் தடுக்கக் கூடாது என்ற மசோதாவைக் கொண்டுவந்தார், சட்டமாயிற்று. கோயில் நுழைவுக்கு அவர் கொண்டுவந்த மசோதா ராஜாஜியின் ஆதரவு இல்லாமல் தோற்றது. 1943 ஆகஸ்ட் 20-ஆம் நாள் காலமானார். வயது அறுபது.

பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிகளுக்கும் கிராமத் தொழிலாளிகளுக்கும் அந்த மனையைச் சொந்தமாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1971-இல்தான் வந்தது. ராஜா இறந்து இருபத்தெட்டு வருஷம் கழித்து. அதற்கு முந்தின வருஷம் சென்னையில் குடிசை மாற்று வாரியம் தொடங்கினார்கள். 2021-இல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றமாயிற்று.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று. அந்தக் காலத்துச் சட்டசபை நடவடிக்கைப் புத்தகங்களைப் பார்க்க எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் விசாரியுங்கள். ஆங்கிலத்தில்தான் இருக்கும், பயப்பட வேண்டாம், கேள்விகளெல்லாம் சின்னச் சின்ன வாக்கியம். உங்கள் சொந்த ஊர் எந்தத் தாலுகா என்று தெரிந்துகொண்டு, அந்தத் தாலுகாப் பெயர் வரும் கேள்விகளை முதலில் தேடுங்கள். காலையிலேயே போங்க, மத்தியான சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோங்க.