டாக்டர் மாண்டிசோரி அம்மையார்

மாண்டிசோரி என்னும் பெயரை நம் நாட்டு நகரங்களில் அறியாதார் மிகச் சிலரே. சிறு குழந்தைகளின் பள்ளிகள் பல அப்பெயரைத் தம் வாயிலிற் பொறித்துக்கொண்டிருக்கின்றன. ஆயின், அப்பள்ளிகளிற் காணப்படும் மரக்கட்டைகளும் துணிச்சட்டங்களும் எழுத்தட்டைகளும் முதன்முதல் எத்தகைய குழந்தைகளுக்காக ஆராயப்பட்டன என்பதை அறிந்தோர் அதிகமிலர். இவர்களுக்குக் கல்வி ஏறாது என்று உலகம் தள்ளிவிட்ட குழந்தைகளிடத்திலேதான் அம்முறையின் வேர் உள்ளது. அவ்வரலாற்றைச் சுருங்க உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் நாள், இத்தாலி தேசத்துக் கியாரவாலே என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகஸ்தர். தாயார் கல்வியிற் பெருவிருப்புடையவர். 1875-ல் அக்குடும்பம் ரோமாபுரியிற் குடியேறிற்று. வைத்தியம் ஆடவர்க்கே உரியதென்று கருதப்பட்ட அக்காலத்தில், மரியா வைத்தியம் கற்கத் துணிந்தார். தந்தையார் விரும்பவில்லை, தாயார் துணைநின்றார். பிரேதத்தை அறுத்துக் கற்கும் பாடத்தில் ஆடவரோடு ஒரு பெண் உடனிருத்தல் தகாதென்று விலக்கினமையால், ஏனையோர் சென்ற பின்னர்த் தனியே நின்று அப்பாடத்தைப் பயின்றார். 1896-ல் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்மணிகள் சிலருள் அவரும் ஒருவர்.

பின்னர்ச் சர்வகலாசாலையைச் சார்ந்த மனநோய்ச் சாலையில் உதவி வைத்தியராய் அமர்ந்து, நகரத்துப் பைத்தியசாலைகளுக்குச் சென்றுவரும் கடமையை ஏற்றார். அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளும் அக்காலத்தில் அங்கேயே அடைக்கப்பட்டிருந்தனர். ஓரிடத்தில், உணவுண்ட பின்னர் அக்குழந்தைகள் தரையிற் கிடந்த ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தனர். அது பெருந்தீனியின் அடையாளம் என்று காவற்பெண் அருவருத்தாள். மாண்டிசோரியோ வெறுஞ்சுவர் சூழ்ந்த அவ்வறையை நோக்கினார். பற்றிப் பார்ப்பதற்கு ஒரு பொருளேனும் அங்கில்லை. அக்குழந்தைகளின் பசி வயிற்றுப் பசியன்று, கைப்பசி என்று அவர் உணர்ந்தார் என அவர்தம் சரித்திரம் எழுதினோர் கூறுவர்.

இக்குறைக்கு மருந்தினும் கல்வியே மிக வேண்டுவது என்னும் கொள்கை அவருள்ளத்தில் அன்று முதல் வேரூன்றிற்று. முன்னோர் இத்துறையிற் செய்தது யாது என்று தேடியவர், பிரெஞ்சு தேசத்து வைத்தியர் இருவரின் நூல்களைக் கண்டெடுத்தார். ஒருவர் இட்டார், அவெரோன் காட்டுப் பகுதியில் அகப்பட்ட விக்டர் என்னும் சிறுவனுக்குப் பல்லாண்டு பயிற்சியளித்தவர். அச்சிறுவனிடத்து ஆட்டிசத்தின் குறிகள் இருந்தன என்று இக்கால ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். மற்றவர் இட்டாரின் மாணவராகிய செகுவின். முதலிற் தசைகளையும், பின்னர்ப் புலன்களையும், அதன் பின்னரே கருத்தையும் பயிற்றல் வேண்டும் என்று வகுத்தவர். இவர்தம் நூல்களை அம்மையார் இத்தாலிய மொழியிற் பெயர்த்துத் தம் கைப்படவே எழுதிக் கற்றார்.

1900-ல் ரோமாபுரியில் இத்தகைய குழந்தைகளுக்கென ஒரு பாடசாலை ஏற்பட்டது. மாண்டிசோரியும் டாக்டர் மாண்டெசானோவும் அதன் தலைவராயினர். காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை அம்மையார் குழந்தைகளோடேயே இருந்தார். இவ்வாறு பிறர் குழந்தைகளுக்கு உழைத்த அதே ஆண்டுகளில், 1898-ல் தமக்குப் பிறந்த மகன் மரியோவை வேறொரு குடும்பத்தார் வளர்க்குமாறு விட நேர்ந்தது அவர் வாழ்வின் பெருந்துயரம்.

அக்காலத்து அனுபவம் ஒன்று ஈண்டுக் குறிப்பிடற்பாலது. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தையலின் முதற்படியும் வரவில்லை. துணியின் இழைகளுக்கு மேலும் கீழுமாய் ஊசியைச் செலுத்துவதே வேலை. எத்தனைமுறை காட்டினும் அவள் கை செல்லவில்லை. அம்மையார் ஊசியை விலக்கிவிட்டு, காகித நாடாக்களை ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பாய்போல் முடையும் வேலையைக் கொடுத்தார். மேலும் கீழுமாய்ச் செல்லும் அசைவு இதிலும் உண்டு. ஆனால் ஊசியின் நுண்மை இல்லை. சிறுமி முடைவதிற் கைதேர்ந்தாள். பின்னர் ஊசியைக் கொடுத்தபொழுது, தையல் தடையின்றி வந்தது. இதிலிருந்து அம்மையார் ஓர் உண்மையைக் கண்டார். ஒரு வேலையைச் செய்யாத குழந்தையிடம் அவ்வேலையையே திரும்பத் திரும்பத் திணித்தல் பயனற்றது; அவ்வேலைக்கு வேண்டிய அசைவுகளைப் பிரித்தறிந்து, எளிய வேறொரு செயலின் வாயிலாய் அவற்றைக் கைக்கு முன்னரே பழக்குதல் வேண்டும்.

இம்முறையால் அப்பாடசாலைக் குழந்தைகளுட் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, ஏனைய குழந்தைகளுக்குரிய பொதுப் பரீட்சையிலும் தேறினர். யாவரும் வியந்தனர். அம்மையாரோ, குறைபாடில்லாத குழந்தைகள் இவர்களுக்குச் சமமாகவே நிற்பதற்குக் காரணம் யாது என்று வியந்தார். அவ்வினாவே அவரைப் புதுவழியிற் செலுத்திற்று. 1901-ல் அப்பாடசாலையை விட்டு நீங்கினார். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள், ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரன்சோ என்னும் பகுதியில் முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார்.

அங்கு அவர் அமைத்த கருவிகளை நோக்கின், தையற் சிறுமி கற்பித்த பாடமே அவற்றுள் விளங்குகின்றது. பொத்தானிடவும் நாடா முடியவும் பழகுவதற்கு, இரு துணித்துண்டுகள் பூட்டிய மரச்சட்டங்கள். குமிழைப் பிடித்தெடுத்துக் குழியிற் பொருத்தும் உருளைகள். எழுதுகோலைப் பிடிக்கும் விரல்கள் அறியாமலே பழகுகின்றன. விரலால் வருடி வடிவறியும் உப்புத்தாள் எழுத்துகள். நீர் நிறைந்த குவளை ததும்பாதபடி ஏந்தித் தரையிலிட்ட கோட்டின்மேல் நடக்கும் நடை. இவ்வாறு கை முன்னரே ஆயத்தமானமையால், நான்கைந்து வயதுக் குழந்தைகள் ஒருநாள் தாமாகவே எழுதத் தொடங்கினர். அச்செய்தி உலகெங்கும் பரவிற்று.

நிற்க. அமெரிக்காவில் கானர் 1943-லும், வியன்னாவில் ஆஸ்பெர்கர் 1944-லும் எழுதிய கட்டுரைகளின் பின்னரே, மதியிறுக்கம் என நாம் வழங்கும் ஆட்டிசம் ஒரு தனி நிலையாய்ப் பரவலாக அறியப்பட்டது. அந்நிலையுடைய குழந்தைகள் பலருக்குப் பேச்சிலும் பழக்கத்திலும் மட்டுமன்று, உடலசைவிலும் இடர்ப்பாடு உண்டு. பொத்தானிடல், கரண்டி பிடித்தல், படியேறல், பந்து பிடித்தல், எழுதுகோலை அளவாய் அழுத்தல் ஆகிய யாவும் அவர்கட்கு அரியனவாகலாம். இவற்றைப் பயிற்றுவது செயல்வழிச் சிகிச்சை, அதாவது ஆக்குபேஷனல் தெரபி. அது மாண்டிசோரியிடமிருந்து பிறந்ததன்று. 1917-ல் அமெரிக்காவிற் சங்கமாய் உருக்கொண்ட தனித்துறை. ஆயினும், அச்சிகிச்சையாளர் ஒரு வேலையைச் சிறு அசைவுகளாய்ப் பகுத்து, குழந்தைக்கு இயலும் இடத்திலிருந்து தொடங்கி, விருப்பமான விளையாட்டின் வாயிலாய் ஒவ்வொன்றாய்ப் பழக்குங்கால், தையற் சிறுமிக்கு அம்மையார் காட்டிய வழியிலேயே நடக்கின்றனர். இது ஆட்டிசத்தை அகற்றும் மருந்தன்று. தானே உண்ணவும் உடுக்கவும் எழுதவும் குழந்தைக்குக் கைகொடுக்கும் உதவியே. அவ்வுதவி சிறிதென்று, தானே சட்டை அணிந்த மகனைக் கண்ட தாய் ஒருத்தியும் கூறாள்.

அம்மையாருக்கும் நம் நாட்டிற்கும் உள்ள தொடர்பு பெரிது. 1939-ல் பிரம்மஞான சங்கத்தாரின் அழைப்பை ஏற்று, மரியோவுடன் சென்னை அடையாறு வந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். 1940-ல் இத்தாலி யுத்தத்திற் புகவே, மரியோ பகைநாட்டினர் என்று காவலில் வைக்கப்பட்டு, அம்மையாரின் எழுபதாம் பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் வாழ்ந்தனர். 1946-ல் ஐரோப்பா சென்றவர் மறு ஆண்டே இந்தியா திரும்பி மேலும் பணியாற்றினார். 1952-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் நாள், ஹாலந்து தேசத்து நூர்ட்வைக் என்னும் கடற்கரையூரில் உயிர் நீத்தார்.

அம்மையாரின் முறையால் உலகெங்கும் குறைபாடில்லாக் குழந்தைகள் பெரும்பயன் எய்தினர்; செல்வர் வீட்டுக் குழந்தைகள் மிகுதியும் எய்தினர். ஆனால் அம்முறைக்கு முதற் பாடம் தந்தது பைத்தியசாலைக் குழந்தைகளே. அக்கடன் இன்னும் முற்றத் தீர்ந்திலது. அப்பெயர் தாங்கிய பள்ளிகளிலேயே, இக்குழந்தைகளுக்கு இடமில்லை என்னும் சொல் கேட்கப்படுமாயின், அதனினும் முரணானது யாதுளது?

இக்கல்லூரியிற் பயிலும் நம்முட் பலர் நாளை ஆசிரியராவர், சிலர் வைத்தியராவர், பெரும்பாலோர் பெற்றோராவர். பொத்தானிட அறியாமல் நிற்கும் குழந்தை நம்முன் வருங்கால், இவனுக்கு வராது என்று நாவெடுக்குமுன், எந்த அசைவு இக்கைக்கு இன்னும் பழக்கப்படவில்லை என்று ஆராய்வோமாக. அம்மையாருக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே.