யானைக்கால் நோய்க்கு மாத்திரை தந்த சுப்பாராவ்

புதுவை நகரத்தின் நடுவே பெரிய வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடற்கரை ஓரமாக வெள்ளைக்காரர் வீதிகள். மேற்கே தமிழர் வீதிகள். பிரஞ்சு ஆட்சிக் காலத்தில் ஊர் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்திருந்தது.

ஆனால், கொசுவுக்கு இந்தப் பிரிவினை தெரியாது!

சாக்கடையிலும் குட்டையிலும் தேங்கிய அழுக்கு நீரில் அது முட்டையிட்டது. இரவானதும் வீடுகளுக்குள் புகுந்து கடித்தது. அந்தக் கடியோடு வந்ததுதான் யானைக்கால் நோய்.

கால் தூண் போல வீங்கிப் போகும். தோல் தடித்து வெடிக்கும். அடிக்கடி குளிர் காய்ச்சல் வரும். உயிர் போகாது, ஆனால் பிழைப்பு போய்விடும். கால் வீங்கிய பெண்ணுக்குக் கல்யாணம் நடப்பது அரிது. கால் வீங்கிய ஆணுக்குக் கூலி வேலை கிடைப்பது அரிது. நோயாளிகள் நாலு பேர் நடுவில் வரவே கூசினார்கள்.

இந்த நோய்க்கு நெடுங்காலம் உருப்படியான மருந்து கிடையாது. 1947ல் ஒரு சிறிய மாத்திரை வந்தது. அதை உலகத்துக்குத் தந்த ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் ஒரு தென்னிந்தியர். சென்னையில் படித்தவர். அவர் பெயர் யல்லாபிரகட சுப்பாராவ்.

நாலு பக்கங்கள், ஒரு மனிதர்

1823ல் பிரஞ்சுக்காரர்கள் புதுவையில் ஒரு வைத்தியப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதன் வழி வந்த கல்லூரி, 1964ல் ஜவகர்லால் நேருவின் பெயரைப் பெற்றது. கோரிமேட்டில் உள்ள ஜிப்மர்தான் அது.

அங்கே எம்.பி.பி.எஸ். படிக்கும் மாணவர்களுக்கு இரண்டாம் கட்டத்தில் மருந்தியல் ஒரு பாடம். ஒரு மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது, எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கொடுக்கவே கூடாது என்பதைச் சொல்லித் தரும் பாடம் அது. தடித்த புத்தகம். மனப்பாடம் செய்து முடிவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

அந்தப் புத்தகத்தில் யானைக்கால் நோய் ஓர் இடத்தில் வரும். ரத்த சோகை வேறோர் இடத்தில் வரும். புற்றுநோய் இன்னோர் இடத்தில். கிருமிகளைக் கொல்லும் டெட்ராசைக்ளின் மற்றோர் இடத்தில். இந்த நாலு இடங்களிலும் சுப்பாராவின் உழைப்பு இருக்கிறது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை!

காசிக்கு ஓட்டம்

சுப்பாராவ் 1895ம் ஆண்டு ஜனவரி 12ந் தேதி, ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்தார். தாயார் பெயர் வெங்கம்மா. பெரிய குடும்பம், சிறிய வருமானம்.

சிறு வயதில் சுப்பாராவுக்குப் படிப்பில் நாட்டமில்லை. பணம் சம்பாதிக்க வேண்டும் என்ற ஆசை வந்தது. காசிக்குப் போய், யாத்திரை வரும் பக்தர்களுக்கு வாழைப்பழம் விற்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். தாயார் விடவில்லை. பிடித்து இழுத்து வந்து மறுபடி பள்ளியில் உட்கார வைத்தார்.

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தோல்வி. பிறகு சென்னைக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முறை தேறினார். மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார்.

அப்போது மனம் வேறு பக்கம் திரும்பியது. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசி ஆகிவிட நினைத்தார். தாயார் அதற்கும் சம்மதிக்கவில்லை. சந்நியாசம் கிடைக்காவிட்டால் வைத்தியம் படித்து ஏழைகளுக்குச் சேவை செய்யலாமே என்ற எண்ணம் பிறந்தது. 1915ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார்.

கதர் அங்கி

அது காந்தியடிகளின் சொல்லுக்கு நாடு காது கொடுத்த காலம். அன்னியத் துணியை வாலிபர்கள் வெறுத்தார்கள். சுப்பாராவும் கதர் கட்டினார். வெளியில் கட்டியதோடு நிற்கவில்லை. ஆபரேஷன் அறைக்குள்ளும் கதரில் தைத்த அங்கியைப் போட்டுக்கொண்டு போனார்.

ரண சிகிச்சைப் பேராசிரியர் ஆங்கிலேயர். அவருக்கு இது பிடிக்கவில்லை. விளைவு என்ன? எழுத்துப் பரீட்சைகளை நன்றாக எழுதியிருந்தும், சுப்பாராவுக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை. அதற்குக் கீழ்ப்படியான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கொடுத்தார்கள்.

சென்னை சர்க்கார் வைத்திய இலாகாவில் வேலைக்கு முயன்றார். கிடைக்கவில்லை. ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு பாடம் நடத்தும் ஆசிரியரானார்.

இதற்கிடையே வீட்டில் இடி விழுந்தது. கிராணி என்று நம் வைத்தியர்கள் சொல்லும் ஓயாத வயிற்றுப்போக்கு அவருடைய அண்ணன் தம்பிகளில் இருவரைக் கொன்றது. ஆங்கில வைத்தியத்தில் அதற்கு ஸ்ப்ரூ என்று பெயர். தின்ற சோறு உடம்பில் ஒட்டாது. ரத்தம் சுண்டிப் போகும். ஆள் எலும்பும் தோலுமாவார். சில நாள் இடைவெளியில் இரண்டு சாவு! கையில் வைத்தியப் படிப்பு இருந்தது. கொடுக்க மருந்து இல்லை.

இல்லாத மருந்தைத் தேடும் வேலையே அவருடைய மிச்ச வாழ்க்கை ஆயிற்று.

மலச்சட்டி கழுவிய டாக்டர்

சுப்பாராவுக்கு 1919ல் கல்யாணம் நடந்தது. மனைவி பெயர் சேஷகிரி. அமெரிக்காவில் போய்ப் படிக்க மாமனார் பணம் திரட்டிக் கொடுத்தார். காக்கிநாடாவில் இருந்த சத்யலிங்க நாயக்கர் தர்ம ஸ்தாபனமும் உதவ முன்வந்தது. (புதுவையைச் சேர்ந்த ஏனாம், இந்தக் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.)

1920களின் தொடக்கத்தில், அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் போய் இறங்கினார். அங்கே ஹார்வர்டு சர்வகலாசாலையில் வெப்ப நாட்டு நோய்களைப் பற்றிய படிப்பில் சேர்ந்தார். படிக்க இடம் கிடைத்தது. சாப்பிடப் பணம் இல்லை. ஓர் ஆஸ்பத்திரியில் இரவு நேரச் சிப்பந்தியாக வேலைக்கு அமர்ந்தார். நோயாளிகளின் மலச்சட்டிகளையும் மூத்திரச் சட்டிகளையும் கழுவினார். சென்னையில் டாக்டர், பாஸ்டனில் சட்டி கழுவும் ஆள்!

பகலில் ஆராய்ச்சி. சைரஸ் ஃபிஸ்க் என்ற ஆசிரியருடன் சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையைக் கண்டார். நீல நிறம் எவ்வளவு அழுத்தமாக வருகிறது என்று பார்த்தே அளவைச் சொல்லிவிடலாம். 1925ல் வெளிவந்த அந்த முறைக்கு இருவர் பெயரும் சேர்ந்து வழங்குகிறது. பிறகு, தசைகள் வேலை செய்யச் சக்தி தரும் பொருள்களையும் இருவரும் கண்டுபிடித்தார்கள். அவற்றில் ஒன்றான ஏ.டி.பி.யை அதே 1929ல் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாகக் கண்டார்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிடைக்கவில்லை. 1940ல் லெடர்லே என்ற மருந்துக் கம்பெனிக்குப் போனார். நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் அதன் ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. அங்கே ஆராய்ச்சித் தலைவரானார். எட்டே ஆண்டுகள்தான் அங்கே இருந்தார். ஆனால், அந்த எட்டு ஆண்டுகள் எண்பது ஆண்டுகளுக்குச் சமம்.

சாவியும் கள்ளச் சாவியும்

முதலில் ஃபோலிக் அமிலம். இது ரத்தம் ஊறத் தேவையான ஒரு வைட்டமின். கீரையிலும் ஈரலிலும் இருக்கிறது. பம்பாய் மில்களில் வேலை செய்த கர்ப்பிணிகளின் சோகையை ஈஸ்ட் சத்து போக்குகிறது என்று லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் டாக்டர் முன்பே கண்டிருந்தார். அந்தச் சத்துதான் பிறகு ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது. 1945ல் சுப்பாராவின் குழு அதைச் செயற்கையாகவே தயாரித்துவிட்டது.

இன்று கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு கொடுக்கும் மாத்திரையில் இருப்பது இதுவே. ஸ்ப்ரூ நோயாளிகளுக்கும் இது கை கொடுத்தது. அண்ணன் தம்பியைக் கொன்ற நோய்க்கு மருந்து வந்துவிட்டது. சுமார் கால் நூற்றாண்டு தாமதமாக!

அடுத்தது புற்றுநோய். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகம் எடுத்ததாகத் தெரிந்தது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுத்தால் நோய் அடங்கும் அல்லவா?

லெடர்லே கூடத்தில் அதற்கு வழி செய்தார்கள். ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம் உள்ள, ஆனால் வேலை செய்யாத பொருள்களைத் தயாரித்தார்கள். கள்ளச் சாவி போல. பூட்டுக்குள் நுழையும், திறக்காது, நல்ல சாவியையும் நுழைய விடாது. புற்றுநோய் அணு பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். அது கிடைக்காமல் பட்டினி கிடக்கும்.

அமினோப்டெரின் என்ற அந்த மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார் ஃபார்பர். 10 பேருக்கு நோய் தணிந்தது. அது நிரந்தர குணம் அல்ல. நோய் திரும்பி வந்தது. ஆனாலும், ரத்தப் புற்றுநோயை மருந்தால் அடக்கலாம் என்று 1948ல் உலகம் முதல் தடவையாக நம்பியது.

அதே வழியில் வந்ததுதான் மெத்தோட்ரெக்சேட். 1956ல் பெண்களுக்கு வரும் ஒரு வகைக் கருப்பைப் புற்றுநோய் இந்த மருந்தால் முழுவதும் குணமானது. இன்று முடக்குவாதத்துக்கும் இதைக் கொடுக்கிறார்கள். அதற்கு வாரம் ஒரு தடவைதான். தவறிப்போய் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கூடவே ஃபோலிக் அமிலமும் எழுதிக் கொடுப்பார்கள். கள்ளச் சாவியையும் நல்ல சாவியையும் ஒரே சீட்டில்!

சுப்பாராவின் கூடத்தில், பெஞ்சமின் டக்கர் என்ற வயது முதிர்ந்த தாவர நிபுணர் பல ஊர் மண்ணை வரவழைத்துச் சோதித்தார். தங்க நிறப் பூஞ்சணம் போன்ற ஒரு கிருமியிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்து கிடைத்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை அது.

பசிபிக் தீவும் புதுவையும்

இனி யானைக்கால் நோய்.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குச் சென்ற அமெரிக்கச் சிப்பாய்களை இந்த நோயின் புழு பிடித்தது. அப்போதுதான் பணக்கார நாட்டுக்கு ஏழைகளின் நோயைப் பற்றிக் கவலை வந்தது. சுப்பாராவும் அவருடைய சகாக்களும் எலிகளிடம் மருந்துகளைச் சோதித்து, டைஎதில்கார்பமசின் என்ற மருந்தை 1947ல் வெளியிட்டார்கள். ஹெட்ராசான் என்ற பெயரில் விற்றது. நம் ஊரில் பானோசைடு என்றால் பலருக்குத் தெரியும். டி.இ.சி. மாத்திரை என்பதும் இதுவே.

அது செய்யும் வேலையைப் புரிந்துகொள்ள, புழுவின் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும். தாய்ப் புழு நிணநீர்க் குழாய்களில் ஆண்டுக் கணக்கில் குடியிருக்கும். அது ஈனும் குட்டிப் புழுக்கள் ரத்தத்தில் மிதக்கும். பகலில் நுரையீரலில் பதுங்கியிருந்து, இரவில்தான் வெளியே வரும். கொசு கடிக்கும் நேரமும் அதுதானே! அதனால்தான் சுகாதார ஊழியர்கள் ராத்திரியில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள்.

மாத்திரை அந்தக் குட்டிப் புழுக்களை ஒழிக்கிறது. ரத்தத்தில் குட்டி இல்லாவிட்டால், கொசு எதை எடுத்துக்கொண்டு போய் அடுத்தவருக்குக் கொடுக்கும்?

ஒன்றை மறக்கக் கூடாது. முற்றிலும் வீங்கிய காலை இந்த மாத்திரை பழையபடி ஆக்காது. வீங்காத காலை வீங்காமல் காக்கும். இதனால் ஒரு தொல்லையும் வந்தது. நன்றாக நடமாடுகிறவர், தனக்கு எதற்கு மாத்திரை என்று கேட்டார். விழுங்கியவர்களில் சிலருக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்தன. ரத்தத்தில் புழு சாவதால் வருவது அது. அதாவது, மாத்திரை தேவைப்பட்டவர் அவர்தான். அது தெரியாமல் பலர் மாத்திரையைக் குப்பையில் போட்டார்கள்.

1975ல் புதுவையில் கொசு ஒழிப்பு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1981 முதல் 1985 வரை அது நகரத்தில் கொசுவையே குறைத்து நோயைக் குறைக்கப் பார்த்தது. அதே காலத்தில் காரைக்காலில் வேறு உபாயம் செய்தார்கள். டி.இ.சி. மருந்தைச் சமையல் உப்பில் கலந்து கொடுத்தார்கள். மக்கள் குழம்போடு மருந்தையும் சாப்பிட்டார்கள்! ரத்தத்தில் புழு உள்ளவர்களின் தொகை இறங்கியது.

2004ல் இந்திய சர்க்கார், நோய் பரவிய மாவட்டங்களில் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒரு வேளை இந்த மாத்திரையைக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள் மட்டும் விலக்கு.

திரும்பாத பயணம்

இந்த மாத்திரையை ஓர் இந்தியர் விழுங்குவதைச் சுப்பாராவ் நேரில் பார்த்ததில்லை. சில ஆண்டுகளில் திரும்புவதாகப் புறப்பட்டவர், கால் நூற்றாண்டு ஆகியும் ஊர் திரும்பவில்லை. ஒரு வேலை முடிந்தால் இன்னொரு வேலை. சேஷகிரி அம்மாள் கணவர் முகத்தை மறுபடி பார்க்கவே இல்லை. விஞ்ஞானத்துக்குக் கிடைத்த லாபத்துக்கு அந்த அம்மாள் கொடுத்த விலை பெரிது.

1948 ஆகஸ்டில் ஓர் இரவு, பேர்ல் ரிவரில் தூக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. வயது 53. நாடு சுதந்திரம் அடைந்து அப்போது ஓராண்டு கூட நிறைந்திருக்கவில்லை.

1995ல் இந்திய சர்க்கார் அவருக்குத் தபால் தலை வெளியிட்டது. அதற்கு நெடுநாள் முன்பே, 1953ல், லெடர்லே கூடத்து நிபுணர் ஒருவர் புதிதாகக் கண்ட பூஞ்சணத்துக்கு சுப்பாரோமைசஸ் என்று பெயர் வைத்திருந்தார். அது வளரும் இடம், சாக்கடை நீரைச் சுத்தம் செய்யும் தொட்டி.